ராஜா வேண்டாம்... குறுநில மன்னர் போதும்!

இரண்டு பகடை, ஒரு நோட்டு, ஓர் ஏரி: வீட்டுக் கூடத்திலேயே நடத்தலாம் ஒரு சோழர் காலக் கதை விளையாட்டு

கோபாலபுரத்தை ஒட்டிப் போகும் அவ்வை சண்முகம் சாலையைப் பழைய ஆட்கள் இன்னும் லாயிட்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். சாலைக்குப் பெயர் கொடுத்தவர் நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம். மேடையில் ஔவைப் பாட்டியாக வேடம் கட்டியவர். வேடம் அவ்வளவு பொருந்திப்போனதால், 'அவ்வை' அவர் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு தெருப் பலகையிலும் ஏறிவிட்டது. டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகங்களில் ஒன்று, அரு.ராமநாதன் எழுதிய 'ராஜராஜ சோழன்'. 1973-ல் சிவாஜி கணேசன் நடித்து, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது அதே கதைதான்.

இன்னொரு ஆளாக மாறிப் பேசுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. அதையே மேடை இல்லாமல், ஒப்பனை இல்லாமல், பாயில் உட்கார்ந்தபடி நான்கைந்து பேர் செய்தால் அதற்கு 'ரோல்பிளேயிங் கேம்' என்று பெயர். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். "மழை கொட்டுகிறது. வாசலில் தூதன் நிற்கிறான். என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அது நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். அவ்வளவுதான் விளையாட்டு.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து ஆடுவது அதைத்தான். ஒரே நாளில் முடியாமல் வாரக்கணக்கில் நீளும் ஆட்டத்தை 'கேம்பெய்ன்' என்பார்கள். பத்திரிகைத் தொடர்கதை மாதிரிதான். எழுதுபவர்கள் மட்டும் ஐந்து பேர்.

ஐந்து பேர், ஒரு பாய்

கோபாலபுரத்தில் ஒரு ஃப்ளாட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மே மாத விடுமுறை. கல்லூரியில் படிக்கும் அக்காதான் கதை நடத்துபவர். ஒன்பதாம் வகுப்புத் தம்பி, அடையாறிலிருந்து வந்திருக்கும் அத்தை மகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் சிக்கும் அப்பா ஆகிய மூவரும் ஆட்டக்காரர்கள். சோபாவில் பாட்டி. அவர் ஆட்டத்தில் இல்லை. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' மட்டும் அவர் பீரோவில் இருக்கிறது.

"அக்கா, நான்தான் ராஜராஜ சோழன்" என்று தம்பி முதல் ஆளாகத் துண்டு போட்டுவிட்டான்.

"ராஜா எல்லாம் கிடையாதுடா. கொள்ளிடத்துக்கு வடக்கே ஆலங்கரைன்னு ஒரு சின்ன ஊர். நீங்க மூணு பேரும் அந்த ஊர் அரையர் குடும்பம்."

"அப்போ யாரை ஜெயிக்கிறது?"

சோபாவிலிருந்து பதில் வந்தது. "வந்தியத்தேவனுக்கு ஆள ஒரு நாடாவது இருந்துதா? அஞ்சு பாகமும் அவன் பின்னாடிதானேடா ஓடினோம்?"

பாட்டி சொன்னது கதைக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் பொருந்தும்.

ஏன் குறுநில மன்னர்?

பேரரசர் வேடம் கொடுத்தால் ஆட்டம் அரை மணி நேரத்தில் சலித்துவிடும். 'படையை அனுப்பு' என்றால் படை போகும். 'பொன் கொடு' என்றால் பொன் வரும். ஊர் ஊராகச் சுற்றும் தனி வீரனுக்கோ பொறுப்பே கிடையாது. சண்டை போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் குதிரையைத் தட்டிவிடலாம்.

குறுநில மன்னர் நடுவில் மாட்டிக்கொண்டவர். மேலே தஞ்சாவூர். கீழே ஏரி நீரை நம்பியிருக்கும் ஊர். பக்கத்தில் எல்லைக்கல்லை நகர்த்தப் பார்க்கும் இன்னொரு அரையர். இவர்கள் மூவரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. ஒருவருக்குச் சரி என்றால், இன்னொருவருக்கு ஏதோ ஒன்று குறையும். அவரால் முழுதாக ஜெயிக்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க மட்டும்தான் முடியும். நல்ல விளையாட்டு அங்கேதான் பிறக்கிறது.

உலக அளவிலும் இந்த வகைக்கு ரசிகர்கள் உண்டு. கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கி 1985-ல் வந்த 'பென்டிராகன்' விளையாட்டில், வீரனின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல் வரிசையை வைத்து 2009-ல் வந்த விளையாட்டில், ஆட்டக்காரர்கள் முதலில் சேர்ந்து ஒரு பிரபுக் குடும்பத்தை உருவாக்க வேண்டும். காவல், செல்வாக்கு, நிலம், ஒழுங்கு, மக்கள், படை, செல்வம் என்று ஏழு கணக்குகள் அந்தக் குடும்பத்துக்கு உண்டு.

இங்கேயும் கதைக்குப் பஞ்சமில்லை. கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதை, ஒரு சிறிய ஆளும் குடும்பத்தின் கதைதான். கோபாலபுரத்தில் வாழ்ந்த மு.கருணாநிதி அதை 'பொன்னர் சங்கர்' என்ற நாவலாக எழுதினார். 2011-ல் படமாகவும் வந்தது.

பழுவூர் சொல்லிக்கொடுக்கும் பாடம்

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் பழுவேட்டரையர்கள் என்றால் சதி செய்பவர்கள். கல்வெட்டுகள் காட்டும் பழுவேட்டரையர்கள் வேறு மாதிரி. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர் என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர்கள்தான் அவர்களுடைய தலைநகரப் பகுதி. கண்டன், மறவன் என்ற பெயர்கள் அந்தக் குடும்பத்தில் மாறி மாறி வருகின்றன. கீழையூரில் அவர்கள் காலத்து இரட்டைக் கோயில் இன்றும் நிற்கிறது.

அந்தக் குடும்பம் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது எப்படி? இரண்டு வழிகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, திருமணம். முதலாம் பராந்தக சோழன் பழுவேட்டரையர் மகளை மணந்தார் என்றும் அரிஞ்சயன் அவர்கள் மகன் என்றும் அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயனின் பேரன்தான் ராஜராஜன். திருக்கோவலூர் மலையமான்களும் இதே வழியில் வந்தவர்கள்தான். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி அவர்கள் வீட்டுப் பெண்.

இரண்டாவது, போர். கீழப்பழுவூர்க் கோயிலில் உள்ள பராந்தகனின் 12-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது சுமார் 919-ம் ஆண்டைச் சேர்ந்தது, வெள்ளூரில் நடந்த போரைப் பேசுகிறது. பாண்டியரும் ஈழப் படையும் ஒரு பக்கம். சோழருக்காக நின்று வென்றவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். அந்த வெற்றிக்காகக் கோயிலுக்குக் கொடை கொடுத்த நக்கன் சாத்தன் என்பவரின் பெயரும் அதே கல்லில் இருக்கிறது.

இந்த இரண்டு வழிகளுக்கும் விலை உண்டு. பெண்ணைக் கொடுக்க வேண்டும், ஆட்களைக் கொடுக்க வேண்டும். கொடும்பாளூர் வேளிரில் பராந்தகன் சிறியவேளார் ஈழப் போரில் இறந்தே போனார்.

மூன்றாவது வழி எதிர்த்து நிற்பது. அதற்கும் உதாரணம் இருக்கிறது. 1231-ஐ ஒட்டிய ஆண்டில் காடவர் தலைவர் கோப்பெருஞ்சிங்கன், தன் பேரரசரான மூன்றாம் ராஜராஜ சோழனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார். ஹொய்சள மன்னர் இரண்டாம் நரசிம்மன் படை அனுப்பி சோழனை மீட்டார். வழியில் அந்தப் படை அழித்த ஊர்களைத் திருவயிந்திபுரம் கல்வெட்டு சொல்கிறது. தலைவர் எடுத்த முடிவு, எரிந்தது ஊர்கள்.

திட்டம் போடுவது எப்படி?

முதல் வேலை, குடும்பத்தைக் கற்பனையாக உருவாக்குவது. பழுவேட்டரையர், மலையமான், சம்புவரையர் போன்ற பெயர்களை அப்படியே எடுக்காமல் இருப்பது நல்லது. இந்தப் பெயர்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்லும் சமூகங்கள் இன்றும் இருக்கின்றன. விடுமுறை விளையாட்டில் வீண் மனவருத்தம் எதற்கு? உண்மை வரலாறு பின்னணியில் இருக்கட்டும். ஊரும் குடும்பமும் கற்பனையாக இருக்கட்டும்.

இரண்டாவது, காலம். கோபாலபுரத்து அக்கா தேர்ந்தெடுத்தது 948-ம் ஆண்டு. அடுத்த ஆண்டு தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டார். தொண்டை நாடு கைவிட்டுப் போனது. அங்கிருந்து 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வரும் வரை அரியணை பல கை மாறியது. நடுவில் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டார். மேலே இருப்பவருக்கே காலடி நிலையில்லாத காலம் என்பதால் கீழே இருக்கும் அரையருக்கு ஒவ்வொரு ஆண்டும் ஒரு புதுத் தலைவலி. கதை நடத்துபவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவது, இடம். ஒரு தாளில் படம் வரைந்தால் போதும். ஓர் ஏரி, அதன் கரை, மதகு, கலங்கல். மூன்று ஊர்கள். ஒரு கோயில். வணிகர் வண்டிகள் வரும் பெருவழி. வடக்கே பக்கத்து அரையரின் எல்லை. இந்த அளவு இருந்தால் ஆறு வாரம் ஓட்டலாம்.

நான்காவது, கணக்கு. ஏழு எல்லாம் வேண்டாம். நீர், ஆட்கள், படை, நெல், செல்வாக்கு, நல்ல பெயர் என்று ஆறு போதும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். ஆனால் மொத்தம் எட்டுப் புள்ளிகள்தான் பிரித்துக்கொள்ள முடியும். எல்லாவற்றிலும் பலமாக இருக்க முடியாது என்பதுதான் விஷயம். இதை ஆட்டக்காரர்களே சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். தம்பி படைக்கு மூன்று கேட்டான். அத்தை மகள் நல்ல பெயருக்கு இரண்டு கேட்டாள். அப்பா நெல்லுக்கும் செல்வாக்குக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட்டு, மிச்சம் ஒன்றை ஆட்கள் கணக்கில் வைத்தார். நீருக்குப் பூஜ்யம். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஐந்தாவது, பகடை. இருபது முகப் பகடை தேடி அலைய வேண்டாம். லூடோ டப்பாவில் இருக்கும் ஆறு முகப் பகடை இரண்டு போதும். இரண்டையும் உருட்டி, அந்த வேலைக்கான மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. மதிப்பெண் பூஜ்யமாக இருந்தால் வெற்றிக்கு வாய்ப்பு சுமார் 42 சதவிகிதம். ஒன்று இருந்தால் 58. இரண்டு இருந்தால் 72. மூன்று இருந்தால் 83. கணக்கு வாத்தியார் நடத்தும் நிகழ்தகவு, வீட்டிலேயே உருளும்.

ஆறாவது, பாத்திரங்கள். எல்லோரும் அரையர் மகனாகவே இருந்தால் சுவை இல்லை. சோழர் காலத்து ஊரில் பேச உரிமை உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். பிராமணர் ஊர்களில் சபை, வேளாளர் ஊர்களில் ஊரார், பல ஊர்கள் சேர்ந்த நாட்டார், வணிகர்களின் நகரம். உத்திரமேரூரில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த விதிகளின் முதல் கல்வெட்டும் அதே 919-ம் ஆண்டைச் சேர்ந்ததுதான். பேச உரிமை இல்லாதவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டில், வரியில்லா நிலங்களின் பட்டியலில் தீண்டாச்சேரி என்ற சொல் வருகிறது. பொற்காலம் என்று சொல்லிக்கொண்டே ஆடும்போது இதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்வதில் தப்பில்லை. ஒருவராவது மாளிகைக்கு வெளியே இருக்கும் பாத்திரத்தை எடுத்தால், மாளிகைக்குள் எடுக்கும் முடிவு எங்கே போய் விழுகிறது என்பது தெரியும்.

ஏழாவது, எல்லைக்கோடு. ஆட்டம் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம், எதெல்லாம் வேண்டாம் என்று பேசிவிடுவது நல்லது. சாதி சொல்லித் திட்டக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கொடூர வர்ணனை கூடாது. ஒருவரின் பாத்திரத்துக்கு இன்னொருவர் முடிவெடுக்கக் கூடாது. கடைசி விதிக்கு அடுத்த வாரமே வேலை வந்தது. பக்கத்து அரையரிடமிருந்து பெண் கேட்டுத் தூது வந்தது. "கொடுத்துடலாம், எல்லைப் பிரச்னை தீரும்" என்றான் தம்பி. அரையரின் தங்கை பாத்திரத்தில் இருந்த அத்தை மகள் திரும்பினாள். "என்கிட்ட கேட்டியாடா?" கல்வெட்டில் இப்படி ஒரு திருமணம் ஒரே வரியில் முடிந்துபோகும். பாயில் உட்கார்ந்த பெண்ணுக்கு வாய் உண்டு.

டிராகன் இல்லையா?

இது ஃபேன்டஸி விளையாட்டாயிற்றே, மாயம் எங்கே என்று கேட்கலாம். மாயத்தை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அரியலூர் மண்ணைத் தோண்டினால் கடல் சிப்பிகளும் சுருள் சுருளான கடலுயிரிகளின் புதைபடிவங்களும் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், சுமார் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள்.

948-ல் ஏரி வெட்டும்போது ஒருவர் மண்ணுக்கடியில் கல்லான மரத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? அந்த மரம் பேசும் என்று வைத்துக்கொள்ளலாம். ஏரிக்கரை அய்யனாரின் குதிரை ராத்திரியில் நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கேம்பெய்னுக்கு ஒரு மாயம் போதும். அதற்கும் ஒரு விலை இருக்க வேண்டும். எல்லாச் சிக்கலையும் மாயமே தீர்த்துவிட்டால் அரையருக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

ஐம்பது பேர்

மூன்றாவது ஞாயிறு. அக்கா ஓலையைப் படித்தாள். தஞ்சாவூரிலிருந்து ஆணை: வடக்கே போர், ஆலங்கரை ஐம்பது ஆட்களை அனுப்ப வேண்டும். அதே நாள் காலையில் ஊரார் வந்து நிற்கிறார்கள்: மதகுக்குப் பக்கத்தில் கரை கசிகிறது, ஐப்பசி மழைக்கு முன் அடைக்க அறுபது பேர் வேண்டும். வேலைக்கு ஆகும் ஆண்கள் ஊரில் மொத்தம் எண்பது பேர்.

கேம்பெய்னை நடத்தும் சூட்சுமம் இதுதான். ஒரே ஆளை இரண்டு இடத்தில் நிறுத்த முடியாது என்ற ஒரு கணக்கைத் திரும்பத் திரும்ப, வேறு வேறு உடையில் கொண்டுவர வேண்டும். இன்றைக்கு ஆட்கள். அடுத்த வாரம் நெல். அதற்கடுத்த வாரம் விசுவாசம்.

"முப்பது பேரை அனுப்பலாம்" என்றார் கணக்கராக இருந்த அப்பா. "குறைச்சு அனுப்பினா நம்ம மேல சந்தேகம் வரும்" என்றான் அரையர். "ஐம்பதும் போகட்டும்." மிச்சம் முப்பது பேரை வைத்துக் கரையை அடைக்க அவனே பகடையை உருட்டினான். நீருக்குப் பூஜ்யம். விழுந்தது ஐந்து. ஐப்பசியில் கரை உடைந்தது. தக்கோலத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.

"பரவாயில்லை. தஞ்சாவூர்ல நமக்குச் செல்வாக்கு ஒரு புள்ளி ஏறும்ல?" என்று கேட்டபடி நோட்டில் '50' என்பதை அடித்துவிட்டு '22' என்று எழுதினான் தம்பி.

அப்போதுதான் பாட்டி சோபாவிலிருந்து கேட்டார். "எனக்கு ஒரு வேஷம் கொடுப்பியாடி?"

"தாராளமா பாட்டி. யாரா வர்றீங்க?"

"திரும்பி வராம போனவங்கள்ல ஒருத்தனோட அம்மா."

பாட்டி எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார். பேரனைப் பார்த்துக் கேட்டார். "அரையரே, கரையில மண்ணு சுமந்துக்கிட்டிருந்த பிள்ளையை நீங்கதானே போகச் சொன்னீங்க. அவன் பேரு என்ன, தெரியுமா உங்களுக்கு?"

தம்பி நோட்டைப் பார்த்தான். அதில் எண் மட்டும்தான் இருந்தது.

பெயர் இல்லாமல் அனுப்பக் கூடாது

அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு புது விதி எழுதப்பட்டது. போருக்கோ, தூதுக்கோ, கரை அடைக்கவோ யாரை அனுப்பினாலும், அனுப்புபவர் ஒருவருடைய பெயரையாவது எழுத வேண்டும். அவர் என்ன வேலை செய்தவர், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். எந்த விளையாட்டுப் புத்தகத்தையும் பார்க்காமல் உருவான விதி. ஆனால் ஆட்டத்தையே மாற்றக்கூடியது. எண்ணை அனுப்புவது சுலபம். பெயரை அனுப்பும்போது கை கொஞ்சம் தயங்கும்.

பழைய தமிழ்நாட்டுக் கற்களுக்கும் இந்தப் பழக்கம் தெரியும். ஆநிரையை மீட்கப் போய் இறந்த சாதாரண வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் செங்கம் பகுதியில் நிறைய உண்டு. எடுத்தனூரில் உள்ள பல்லவர் காலத்து நடுகல்லில், வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் கோவிவன். எந்தெந்த ராஜாவுக்காகச் சண்டை நடந்தது என்பது தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மட்டும் நினைவிருக்கும். நாயின் பெயர் ஒருமுறை கேட்டால் மறக்காது.

கோயில் விளக்குகளும் அப்படித்தான். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடுகள், சில இடங்களில் 96 ஆடுகள் கொடையாகக் கொடுத்தார்கள். ஆடுகளை வாங்கிக்கொள்ளும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. சாகாத, கிழடாகாத ஆடுகள்! ஃபேன்டஸிக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனவே, ஒவ்வொரு வார ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஆட்டக்காரர்கள் ஒரு 'கல்வெட்டு' எழுதலாம். எந்த ஆண்டு, என்ன நடந்தது, யார் கொடுத்தார்கள், யாருக்காக என்று நான்கே வரி. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் கையில் ஒரு குடும்பத்தின் வரலாறு இருக்கும். அடுத்த விடுமுறையில் அந்த அரையரின் பிள்ளைகளாகத் தொடரவும் செய்யலாம்.

தகவல் தேடுபவர்களுக்குச் சென்னையில் வழி உண்டு. 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கலாம். அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். வெயிலில் போக முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், கைபேசியிலேயே இலவசம். நாள் கிடைத்தால், அரியலூர்ப் பக்கம் போகும்போது கீழையூர் இரட்டைக் கோயிலில் ஒரு மணி நேரம் நிற்கலாம். பழுவேட்டரையர்கள் 11-ம் நூற்றாண்டில் கல்வெட்டுகளிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். மாளிகை இல்லை, படை இல்லை. சுவரில் பெயர்கள் இருக்கின்றன.

கோபாலபுரத்துக் கூடத்தில் அன்று இரவு தம்பி தன் முதல் கல்வெட்டை எழுதினான். பாட்டியிடம் போய் ஒரு சந்தேகம் கேட்டான்.

"பாட்டி, உங்க பையன் பேரு என்ன?"

"சாத்தன்னு வெச்சுக்கோ."

அவன் எழுதி முடித்தது இவ்வளவுதான்:

'கரை உடைந்த ஆண்டு. மண் சுமந்த இடத்திலிருந்து தக்கோலத்துக்குப் போய் வராத சாத்தனுக்கு ஒரு விளக்கு. ஆலங்கரை அரையர் வைத்தது. ஆடு 90. அடுத்த முறை நீருக்கு இரண்டு புள்ளி.'